இருநூற்றுப் பன்னிரண்டாவது மோட்டார்

மார்ச் முப்பத்தொன்று, இருட்டுகிற நேரம்.
வெள்ளகோவில் முத்தூர் ரோட்டில்
என் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது
மயில்ரங்கம் கொழந்தையப்பன் குனிந்து உள்ளே வந்தார்.
"போரு இன்னும் போடலீங்களே" என்றார்.
"ஒண்ணாந் தேதி வெலை ஏறுதுங்ணா" என்றேன்.
பொய்யில்லை, ஏறத்தான் செய்தது.
ஏழரை எச்பி ஒன்று, அட்டைப்பெட்டியோடு.
அதோடு இருநூற்றுப் பன்னிரண்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு நீர்மூழ்கி மோட்டார் விற்றால்
பாலைவன நாட்டுக் கடலில் ஒரு தீவு,
மூன்று ராத்திரி, சாப்பாட்டோடு.
கம்பெனி சொன்ன கணக்கு.

தீவென்றால் முளைத்திருக்கும் என்றிருந்தேன்.
இது கொட்டியது.
கடலடி மணலை உறிஞ்சிக் கடல்மேலேயே துப்பி
ஆறு வருஷம் என்றான் வழிகாட்டி.
எத்தனை எச்பி என்று கேட்டேன்.
பஸ்ஸில் இருந்த முப்பத்தெட்டு டீலர்களும் சிரித்தார்கள்,
பிறகு அவர்களும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

வெயில் நாற்பத்தேழு.
நம்மூர்க் கத்திரி இங்கே வந்தால்
எடுபிடி வேலைதான் கிடைக்கும்.
பேரீச்சை மரங்கள் லாரியில் வந்து இறங்கியவை,
ஒவ்வொன்றின் காலடியிலும் கறுப்புக் குழாய்,
நோயாளிக்கு ஏற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக.

அறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.
ஷாம்பு தொட்டதும் நுரை வந்தது,
கண்ணை மறைக்கிற அளவுக்கு.
பயந்துபோய்க் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.
எங்கள் தண்ணீரில் சோப்பு தயிராகத் திரியும்,
குடத்தடியில் வெள்ளை வெள்ளையாய்ப் படியும்,
கட்டிக்கொண்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில்
என் முடி இப்படி வழுக்கியதில்லை.
நடுக்கடலில் நல்ல தண்ணீர்,
கடலே பார்க்காத ஊரில் உப்பு.
அன்றைக்கு மூன்று தடவை குளித்தேன்.

நீச்சல் குளத்துக்குப் பின்னால், செடி மறைவில்
ஒரு கதவு முனகியது.
நின்று கேட்டேன். பேரிங்.
பத்து நாள் தாங்காது.
வெள்ளைச் சட்டைப் பையனிடம் சைகையில் சொன்னேன்,
காதைத் தொட்டு, விரலைச் சுழற்றி.
அவன் ஓடிப்போய்
எனக்கு இன்னொரு துண்டு கொண்டுவந்தான்.

மூன்றாம் நாள் காலைப் பலகாரத்தின்போது போன்.
"ஏனுங்க, கொழந்தையப்பன் பேசறனுங்க.
ஆயிரத்து நூத்தி எம்பது அடி போயாச்சு,
பொகைதானுங்க வருது."
பின்னால் திருச்செங்கோட்டு வண்டியின் கம்ப்ரசர்
தலைதெறிக்க இரைந்தது.
"மோட்டாரு பொட்டியக்கூடப் பிரிக்கலீங்க.
எடுத்துக்குவீங்ளா?"

கண்ணாடிக்கு வெளியே
மெஷின் தள்ளிய அலை ஒன்று
மெனக்கெட்டுக் கரைவரை வந்து போனது.
ஒன்று திரும்பினால் இருநூற்றுப் பதினொன்று.
இருநூற்றுப் பதினொன்றுக்குக் கம்பெனி தருவது
ஒரு மிக்சி.
"வந்து பேசிக்கலாங்ணா" என்றேன்.
"எங்கிருக்கீங்க?"
"வெளியூருங்க."

புதன்கிழமை மயில்ரங்கம் போனேன்.
கொறங்காட்டில், கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம்,
செம்மண்ணின் நடுவே சாம்பலாய் ஒரு மேடு.
ஆயிரத்து நூற்றெண்பது அடிக் கல்லின் மாவு.
இதுவும் கீழிருந்து எடுத்து மேலே துப்பியதுதான்.
அதன் உச்சியில் ஒரு வெள்ளாடு ஏறி நின்று
நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

மோர் கொடுத்தார்.
உப்புப் போடவில்லை என்றார், தண்ணீரிலேயே இருக்கிறதாம்.
"வெளியூரு எப்படீங்க இருந்துச்சு?"
"வெயிலுங்க."

பணத்தை எண்ணி அவர் கையில் வைத்தேன்.
பெட்டியை வேனில் ஏற்றக் குனிந்தபோது
என் தலையிலிருந்து அந்த ஷாம்பு வாசம்
எனக்கே வந்தது.
மறுமுனையைப் பிடித்திருந்த அவருக்கும் வந்திருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பி, ஆட்டை இறங்கச் சொல்லி
அதட்டினார்.